நாலாம் சரணத்துக்குப் பிறகு

மூன்றே மூன்று காரியங்களைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன் என்று போதகர் சொன்னதும் எப்சிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடிக்கப் போகிற மனுஷனுக்கு எதுக்கு மூணு காரியம்? ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதானே. சாயங்காலம் நாலு மணி, சித்திரை மாத வெக்கை, கோயிலுக்குள் இருநூறு பேர், நடுவில் சவப்பெட்டியில் லில்லி புஷ்பம் படுத்திருக்கிறாள், இவர் நிதானமாகக் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவளுடைய பொறுமையைப் பற்றிப் பேசுகிறார். சபைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, லில்லியோடு பேசியது மிஞ்சிப்போனால் நாலு தடவை இருக்கும். லில்லிக்கா பொறுமை? பாட்டுக்குழுவில் பக்கத்தில் நிற்கிறவள் கொஞ்சம் சுருதி விலகினால் முழங்கையாலேயே ஒரு இடி இடிப்பாள், விலா எலும்பு ரெண்டு நாள் வலிக்கும். அதைச் சொல்லட்டுமே மைக்கில். எப்சிபா ஆர்கன் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அது ஆர்கன்கூட இல்லை, கீபோர்டுதான். ஆனாலும் சபையில் அதற்கு ஆர்கன் என்று பேர், அவளுக்கு ஆர்கன்காரம்மா என்று பேர். எந்தப் புண்ணியவான் இடம் பார்த்துப் போட்டானோ, சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறான். வாசிக்கிறவளுக்குச் சபை முதுகுக்குப் பின்னால்தான். இருபத்தாறு வருஷமாக இந்த ஜனம் பார்த்தது அவளுடைய கொண்டையை, அவள் பார்த்தது சுண்ணாம்பு வெடிப்பை. இன்னும் ஒரு பாட்டு பாக்கி, கடைசிப் பாட்டு. அதற்குக் கை வைக்கப் போவதில்லை என்று காலையிலேயே முடிவு பண்ணிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

காலையில் ஆசீர் வந்து அவள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றான். ஆசீர் லில்லியின் புருஷன், சபைச் செயலாளர். லில்லி முந்தின நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டாள். உள்ளே வாங்க என்று எப்சிபா சொல்லவில்லை, அவனும் வரவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னது ஒரே வரி. "யக்கா, வேற ஆளில்ல." அதே வார்த்தை. எட்டு மாதத்துக்கு முன்னால் இதே வாயால் அவள் காதுக்குள் சொன்ன அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறவில்லை. எட்டு மாதமாக ஞாயிறுக்கு ஞாயிறு பென் டிரைவைச் சொருகி அதில் வருகிற வாத்தியத்துக்குத்தானே பாடுகிறீர்கள், இன்றைக்கும் அதையே போட வேண்டியதுதானே என்று கேட்டாள். லில்லிக்கு அது பிடிக்காதுக்கா என்றான். ஓகோ. உன் பெண்டாட்டி என்றால் பிடித்தது பிடிக்காதது எல்லாம் உண்டோ. சரி வாரேன் என்றாள். உடனே அவன் என்ன செய்தான் தெரியுமா, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். மாலை, வேன், குழி, மைக் செட், ஆர்கன் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தான். அவள் கண் முன்னாலேயே ஆர்கனுக்கு நேராக ஒரு டிக் போட்டான். போட்டுவிட்டு விறுவிறு என்று நடந்து போய்விட்டான். அந்த நிமிஷம்தான் அவள் மனசுக்குள் அது முளைத்தது. வாரேன்டா. வந்து முதல் பாட்டு வாசிப்பேன், ரெண்டாம் பாட்டு வாசிப்பேன். கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து வாயைத் திறக்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தோடேயே நடந்து வெளியே போவேன். நின்னு முழி. வேற ஆளில்லன்னா என்னன்னு அப்பத் தெரியும்.

முதலாவது காரியம் முடிந்துவிட்டதாகப் போதகர் சொன்னார். சந்தோஷம். மின்விசிறி தலைக்கு மேலே கிறீச் கிறீச் என்று சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை, மாலைகளின் வாடை மட்டும் வந்தது, சம்பங்கியும் பன்னீரும். அன்றைக்கும் இதே வாடைதான். ஆகஸ்ட் மாதம், தனபாலுடைய அடக்கம். அவளுடைய புருஷன் தனபால் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தார், காலை பத்து நாற்பது வண்டியை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மறுநாள் இதே இடத்தில் பெட்டி. தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள். இந்தச் சபையில் யார் செத்தாலும் கடைசிப் பாட்டு ஒன்றுதான், ஐந்து சரணம். நாலு சரணம் பாடி முடிக்கிறவரைக்கும் பெட்டி திறந்திருக்கும், வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து முகத்தைப் பார்ப்பார்கள், கன்னத்தைத் தொடுவார்கள், பெண்டாட்டியோ புருஷனோ கடைசியாக வந்து நெற்றியில் முத்தம் கொடுப்பார்கள். ஐந்தாம் சரணத்தை ஆர்கனில் எடுத்ததும் மூடியைப் போட்டுவிடுவார்கள். யார் வைத்த வழக்கமோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். அன்றைக்குக் கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஆசீர் குனிந்து அவள் காதில் சொன்னான். யக்கா, வேற ஆளில்ல, வாத்தியம் இல்லாமப் பாடுனா சுருதி நாலா பக்கமும் ஓடிரும், அத்தானுக்கு நல்லா இருக்காது. புருஷன் பெட்டியில் கிடக்கிறான், சுருதி ஓடிவிடுமாம். அவள் எழுந்து போனாள். பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் ஷைனி அம்மா அம்மா என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆமென் வாசித்துவிட்டுத் திரும்பினால் மூடி விழுந்து, நாலு பேர் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்கள். முகம் இல்லை. பலகைதான் இருந்தது.

அதற்கப்புறம் அவள் ஒரு கட்டையைக்கூட அமுக்கவில்லை. அமுக்கவில்லை என்று சொல்வதும் பொய், மூன்று தடவை உட்கார்ந்து பார்த்தாள். வீட்டில் இருக்கிற பழைய கீபோர்டின் உறையை எடுத்து, துடைத்து, சுவிட்சைப் போட்டு உட்கார்ந்தாள். விரல் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. அமுக்கினாள், சத்தம் வந்தது. வந்துவிட்டுப் போனது. லிஃப்டு பொத்தானை அமுக்கின மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பிறகு அதன்மேல் இஸ்திரி போட வேண்டிய துணியை அடுக்கி வைத்தாள், அது பாட்டுக்குக் கிடந்தது. கைக்கு ஒன்றும் கேடில்லை. ஆஸ்பத்திரி லேபில் அதே கைதான் தினம் நாற்பது பேருக்கு ரத்தம் எடுக்கிறது, பச்சைக் குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் நரம்பு கிடைக்கும். இந்த ஒன்றுக்குத்தான் வராமல் போயிற்று. இன்றைக்கு வாசித்த முதல் ரெண்டு பாட்டும்கூட வெறும் விரல் வாசித்ததுதான். ஊர்க்காரிகள் விட்டார்களா? வாசிங்க, மனசு லேசாகும். எதுக்கு லேசாகணும்? இருபத்தாறு வருஷம் கூட இருந்த மனுஷன் போனதற்கு மனசு கனத்தால்தான் என்ன, யார் தூக்கப் போகிறார்கள்? ஷைனி போனில் வேறு விதம். அப்பாவுக்காகவாவது வாசிம்மா என்பாள். உங்கப்பாவுக்காகவா? உங்கப்பா நான் வாசிக்கும்போது பாதி நாள் தூங்குவார், பிள்ளே. மீதி நாள் பாடுவார், அது அதைவிட மோசம். பஸ்ஸை ஒரு நிமிஷம் பிந்த விடாத மனுஷன் பாட்டில் மட்டும் அரை அடி பிந்தித்தான் வருவார், எப்போதும். ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு, தகரத்தைத் தட்டுகிற குரல். எல்லாரும் வரியை முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில் இவர் குரல் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டு வந்து சேரும். அவள் முன்னால் ஓட, அவர் பின்னால் இழுக்க. வீட்டுக்குப் போனதும் அதற்கு ஒரு சண்டை. நான் சரியாத்தான் பாடுதேன், நீதான் அவசரப்படுத என்பார். சிரிப்பு வந்தது எப்சிபாவுக்கு, உடனே அந்தச் சிரிப்பின்மேலும் கோபம் வந்தது.

இரண்டாவதாக, லில்லி அம்மாள் எல்லாரிடத்திலும் இனிய சொல் பேசினார் என்றார் போதகர். எப்சிபா விரலைச் சொடுக்கிக்கொண்டாள். இனிய சொல்லாம். தனபாலை அடக்கம் பண்ணின பத்தாம் நாள் லில்லி ஆட்டுக்கால் சூப்பைத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். எப்சிபா ஆசீரைக் கண்டபடி ஏசிக்கொண்டிருந்தாள், அப்போது யார் வந்தாலும் அதைத்தான் ஏசுவாள். புருஷன் பக்கத்தில் இருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்தான், படுபாவி, கடைசியாக முகம் பார்க்கவிடாமல் பண்ணிவிட்டான் என்று. கேட்டவர்கள் எல்லாரும் ச்சு கொட்டுவார்கள். லில்லி கொட்டவில்லை. சூப்பை டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "அவிய கேட்டது தப்புதான் அக்கா. ஆனா நீங்க எந்திரிச்ச வேகத்தப் பாத்து எனக்கே பயமாயிட்டு." அவ்வளவுதான். எப்சிபா டம்ளரைக் கீழே வைத்தாள், வாசலைக் காட்டினாள், அன்றோடு பேச்சு முறிந்தது. இருபது வருஷம் பக்கத்தில் நின்று பாடியவள். பிறகு தை மாதம் லேபில் ஒரு ரத்தக் குழாய் வந்தது, மேலே லில்லி புஷ்பம், வயது நாற்பத்தெட்டு என்று ஒட்டியிருந்தது. கிரியாட்டினின் ஆறு, கிட்னி நன்றாக இருந்தால் ஒன்றைத் தாண்டாத எண். அடுத்த வாரம் ஏழரை. வாரத்துக்கு ரெண்டு குழாய் வரும், எப்சிபாவேதான் மெஷினில் வைப்பாள், எண்ணை எழுதி மேலே அனுப்புவாள். டயாலிசிஸ் வார்டு இவளுக்கு நேர் மாடியில். பதினெட்டுப் படி. ஏறவில்லை. இன்றைக்கு வேலை, நாளைக்குப் பார்க்கலாம், அவளாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும், என்ன கொழுப்பு எனக்கு. போன வாரம் வந்த எண்ணைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அப்போதும் ஏறவில்லை.

அப்படி என்ன தப்பாகச் சொல்லிவிட்டாள் அவள்? எந்திரிச்ச வேகம். கையைப் பிடித்து இழுத்தான் என்று எட்டு மாதமாகச் சொல்லிச் சொல்லி, அந்தப் பிடி கையில் வலிக்கிற மாதிரிகூட ஆகிவிட்டது எப்சிபாவுக்கு. எங்கே பிடித்தான்? குனிந்தான், காதில் சொன்னான். யக்கா, வேற ஆளில்ல என்றான். சுருதி ஓடிவிடும் என்றதெல்லாம் அவள் பாதி தூரம் போன பிறகு பின்னாலிருந்து கேட்டது. அவன் வாயை மூடுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, அந்தச் சத்தம்கூட இப்போது ஞாபகம் வருகிறது, இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தது அந்தச் சத்தம்? இன்னும் நாலு சரணம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், பிறகு எழுந்து குனிந்து அந்தக் குளிர்ந்த நெற்றியில் வாயை வைக்க வேண்டும், ஊர் பார்க்க. அது தன்னால் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஒருத்தன் வந்து கதவைத் திறந்துவிட்டான், ஓடிவிட்டாள். அப்பாடா என்றிருந்தது. ஆமாம், அப்பாடா என்றுதான் இருந்தது, சொல்லித் தொலை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தாள். அந்தப் பாட்டுக்கு அவளுக்குப் புத்தகம் எதற்கு? உறக்கத்தில் எழுப்பிவிட்டாலும் வாசிப்பாளே. கழுத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் முகம் தெரிந்திருக்கும், ஷைனி கூப்பிட்டாளே, திருப்பவில்லை. இன்னொன்றும் உண்டு. இரண்டாம் சரணத்தில் வரி முடிகிற இடத்தில் அவளுடைய இடது கை தானாகக் கொஞ்சம் நின்றது, பின்னால் இழுத்துக்கொண்டு வருகிற குரலுக்காக. குரல் வரவில்லை. சபை முதல் தடவையாகப் பிசகில்லாமல் ஒரே அடியில் பாடியது. அந்த இடத்தில்தான் அவர் செத்துப்போனார் அவளுக்கு, பஸ் ஸ்டாண்டிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை. அதற்கப்புறம் எந்தக் கட்டையை அமுக்கினாலும் அந்தப் பிசகில்லாத சபைதான் காதில் வரும் என்றால் எவள் வாசிப்பாள்? ஆசீரை ஏசுவது சுலபமாக இருந்தது. எட்டு மாதம் ஏசியாயிற்று.

மூன்றாவது காரியம் எப்போது வந்தது எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது. ஜெபம் முடிந்து எல்லாரும் ஆமென் சொன்னார்கள், பெஞ்சுகள் அசைந்தன, ஜனம் எழுந்து நின்றது. போதகர் கடைசிப் பாட்டின் எண்ணைச் சொன்னார், சொல்லத் தேவையே இல்லை. இப்போது எழ வேண்டியவள் அவள். சுவிட்சை அணைக்க வலது கையை நீட்டினாள். நீட்டினவள், அவன் முழிக்கப் போவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டுமே என்று கழுத்தைத் திருப்பினாள். தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது, காலியாக. ஆசீர் அதில் இல்லை. பெட்டியைச் சுற்றி லில்லியின் தங்கைகள் நின்றார்கள், அவன் இல்லை. பிறகு கண்டுபிடித்தாள். வாசல் பக்கம், தூணுக்கு அப்பால், போனைக் காதில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குள் சாய்ந்து விழுகிற வெயிலில் நின்று, வேனை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கையில் அந்தத் தாள். பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அடப்பாவி. ஓடுதான் பாரு, என்ன மாதிரியே ஓடுதான். மாலைக்கு ஒரு டிக், வேனுக்கு ஒரு டிக், குழிக்கு ஒரு டிக், நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு நிமிஷம் லில்லி பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டான். இப்படியே போனால் நாலு சரணமும் வேனுக்கே சரியாகப் போய்விடும், திரும்பி வரும்போது பலகைதான் இருக்கும், பிறகு எட்டு மாதமோ எட்டு வருஷமோ எவனையாவது ஏசிக்கொண்டு திரிவான். அவளுக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. எழுந்துபோனால் இவனுக்கு நல்லதாகப் போயிற்று. விடுவதா உன்னை? நீட்டின கையைச் சுவிட்சிலிருந்து எடுத்துக் கட்டையில் வைத்தாள். கடைசி வரியை வாசித்துக் காட்டினாள், அதைக் கேட்டுத்தான் இந்தச் சபை எந்தச் சரணத்தையும் எடுக்கும், கேட்காவிட்டால் ஆயிரம் பேர் நின்றாலும் எடுக்காது. ஜனம் முதல் சரணத்தைப் பாட ஆரம்பித்தது.

அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. உடம்பைப் பெஞ்சில் பாதி திருப்பிக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி வாசித்தாள். லில்லியின் முகம் வீங்கியிருந்தது, மூக்கில் பஞ்சு, தலையைச் சுற்றி வெள்ளை ரோஜாக்கள். பார்க்க முடிந்தது. பதினெட்டுப் படி ஏறியிருந்தால் இந்த முகம் அவளைப் பார்த்து ஏதாவது சுருக்கென்று சொல்லியிருக்கும். ரெண்டாம் சரணம், தங்கைகள் வந்து கன்னத்தைத் தொட்டார்கள். மூன்றாம் சரணம், பாட்டுக்குழுப் பெண்கள். நாலாம் சரணத்தின் நடுவில் ஆசீர் போனை அணைத்துவிட்டு உள்ளே வந்தான். தலைமாட்டுக்கு வரவில்லை, கால்மாட்டில் நின்றுகொண்டு மூடி தூக்குகிற ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினான். நாலு பேர் மூடியைத் தூக்கினார்கள். சரணம் முடிந்தது. இப்போது கடைசி வரியை வாசிக்க வேண்டும், ஐந்தாவதை எடுக்க வேண்டும். எப்சிபா எடுக்கவில்லை. முதல் வரிக்குப் போனாள், இரண்டாம் வரிக்குப் போனாள், கடைசி வரிக்கு வரும் முன் மறுபடி முதல் வரி. ஜனம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து மூடியது. மூடியைத் தூக்கினவர்கள் தூக்கினபடி நின்றார்கள், ஐந்தாம் சரணம் எடுக்காமல் அதை எப்படிப் போடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. போதகர் எட்டிப் பார்த்தார். பார்த்துக்கிட்டு இரும். மூன்று சுற்று ஆயிற்று. ஆர்கன்காரம்மாவுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு போல என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. ஆசீர் விறுவிறு என்று அவள் பக்கம் வந்து குனிந்தான்.

"யக்கா, அஞ்சாவத எடுங்க. கல்லறையில ஆளு நிக்கி. நேரமாச்சு."

"எடுக்க மாட்டேன்" என்றாள் எப்சிபா, கை நிற்காமல். "போய் அவ மொகத்தப் பாரும்."

"பாத்தாச்சுக்கா."

"எப்பப் பாத்தீரு? நீரு பாக்கலங்கது எனக்குத் தெரியும். என்ன விட அது யாருக்குத் தெரியும்? நீரு போய்ப் பாத்துத் தொட்டுட்டு, நீரா எனக்குத் தலையாட்டுத வரைக்கும் நான் விடப்போறதில்ல. பொழுது விடிஞ்சாலும் வாசிச்சிட்டுதான் இருப்பேன்."

அவன் அவளைப் பார்த்தான். அவனுக்கும் கோபம்தான், தாடை இறுகியது. கையிலிருந்த தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆர்கன்மேல் வைத்தான். திரும்பி நடந்தான். பெட்டி பக்கத்தில் போய் நின்றான், குனியவில்லை, நின்றான். எப்சிபா ஒரு சுற்று வாசித்தாள், இன்னொரு சுற்று வாசித்தாள். இதுவரை இந்தக் கோயிலில் அவள் வாசித்ததை ஒருத்தரும் தனியாகக் கேட்டதில்லை, எப்போதும் மேலே நூறு குரல் கிடக்கும், அவளும் கேட்டதில்லை. இப்போது பாடுகிறவர் யாரும் இல்லை. இடது கையில் போகிற கீழ்ச் சுரங்கள் தரைக்குள் இறங்குவது காலில் தெரிந்தது. வலது கை ஓர் இடத்தில் தப்பாகப் போனது, போகட்டும் என்று அதை விட்டுப் பிடித்தாள், அந்தத் தப்பு நன்றாக இருந்தது, அடுத்த சுற்றில் வேண்டுமென்றே அதே தப்பைச் செய்தாள். எட்டு மாதம் இதை எங்கே போட்டுவைத்திருந்தேன், இஸ்திரித் துணிக்கு அடியிலா, சண்டாளி. ஆசீர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். லில்லியின் கன்னத்தில் கையை வைத்தான், கையை எடுத்தான், மறுபடி வைத்தான். அப்புறம் பெரிய சத்தமாக ஒன்று வந்தது அவனிடமிருந்து, அழுகை என்று சொல்ல முடியாது, யாரையோ அதட்டுகிற மாதிரி இருந்தது. நான் வேன் பாக்கப் போயிட்டேம்ட்டி, வேன் பாக்கப் போயிட்டேம்ட்டி என்று அவளிடமே சொன்னான். தங்கைகள் அவனைத் தூக்க வந்தார்கள், எப்சிபா அவர்களைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், நின்றுவிட்டார்கள். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. அவன் குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தான், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தான், அப்புறம் ஆர்கன் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினான். அவள் கடைசி வரியை வாசித்தாள். ஐந்தாம் சரணம். மூடியைப் போட்டார்கள்.

பெட்டி போனது, பின்னால் ஜனம் போனது, வெளியே வேன் கிளம்புகிற சத்தமும் பாட்டும் கலந்து ரோட்டுத் திருப்பம்வரை கேட்டது. கோயிலில் நசுங்கின ரோஜா இதழும் ஈர வாடையும் மிஞ்சின. எப்சிபா எழவில்லை. கதவடைக்கிற மாசிலாமணி ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் நின்று, எல்லாரும் கல்லறைக்குப் போயாச்சும்மா, நீங்க போகலியா, கதவ அடைக்கணுமே என்றார்.

"நீரு போவும்" என்றாள் அவள். "எனக்கு எட்டு மாசம் கெடக்கு."

அவர் என்னத்தைப் புரிந்துகொண்டாரோ, சாவியைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போனார். எப்சிபா பெட்டி இருந்த இடத்தைப் பார்த்து நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஏங்க, சொல்லாமக் கொள்ளாம அப்படியா போவாவ என்று தனபாலிடம் கேட்டாள், சத்தமாகவே கேட்டாள், பதிலுக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தாள். பிறகு அவருக்கு வாசித்த அதே பாட்டை முதல் சரணத்திலிருந்து எடுத்தாள்.